இடையன்குடி ரேந்தை: தென்பாண்டிச் சீமையில் பெண்தொழிலின் வரலாறு

வணிகத்தில் வரும் ஆதாயத்தின் ஒரு பங்கை ஊர்ப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிவைப்பது தென்பாண்டிச் சீமைக்கு வெளியிலிருந்து வந்த கருத்தன்று. நாடார் வணிகர்களிடையே வேரூன்றிய மகமை என்ற ஏற்பாடு இதற்குத் தெளிவான சான்று. விற்ற சரக்குக்கு ஏற்ப ஒவ்வொரு வணிகரும் செலுத்திய சிறுதொகை, உறவின்முறை எனப்பட்ட சமுதாய அமைப்பின் பொதுப்பணத்தில் சேர்ந்தது. வண்டிகளும் சரக்குகளும் பாதுகாப்பாகத் தங்குவதற்கான பேட்டைகளையும், கிணறுகளையும், கோயில்களையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பள்ளிக்கூடங்களையும் அப்பணம் நடத்தியது. பிற்காலத்தில் காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு பிடியரிசியும் துணைநின்றது. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியை வீடுதோறும் எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுப்பதே பிடியரிசி. மகமைக் கணக்கை எழுதியவர்கள் ஆண்கள்; பிடியரிசியை எடுத்துவைத்தவர்கள் பெண்கள். முன்னது வணிக வரலாற்றில் இடம்பெற்றது, பின்னது தருமம் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிட்டது. தாமிரபரணியின் தென்புறத்தில் கடந்த இருநூறு ஆண்டுகளில் பெண்கள் நடத்திய தொழில்களின் வரலாறு, பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பதிவின்மைக்குள் தேடி எடுக்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

இக்கட்டுரை கருதும் நிலப்பரப்பு பெரிதன்று. ஆற்றின் வலக்கரையில் ஆதிச்சநல்லூர், அதற்கு எதிர்க்கரையில் ஸ்ரீவைகுண்டம், கடலை நோக்கிச் செல்லச்செல்லக் கொற்கையும் காயலும், தெற்கே செம்மணல் குன்றுகளாகிய தேரிகளும் பனங்காடுகளும், கடலோரத்தில் முத்துக்குளித்த பரதவர் ஊர்களும் என விரியும் இப்பகுதி, 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டை 1876இல் ஜாகோர் என்ற செருமானியரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்து, பொற்பட்டங்களையும் இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தனர். தாழிகளுக்குள் நெல்லுமி கிடந்ததையும் ரீ குறித்திருக்கிறார். உமி இருந்தால் உரலும் உலக்கையும் இருந்திருக்க வேண்டும், அவற்றைப் பிடித்த கைகளும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது கடினமன்று. ஆயினும் அந்தக் கைகளைப் பற்றித் தொல்லியல் சொல்லக்கூடியது அவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால்தான் பெண்களின் உழைப்பும் அதன் ஊதியமும் எழுத்தில் தடம் பதிக்கத் தொடங்குகின்றன.

அந்த நூற்றாண்டில் இப்பகுதியின் உயிர்நாடியாக இருந்த தொழில் பனைத்தொழில். அதில் ஆணின் வேலை மரத்தில், பெண்ணின் வேலை தரையில். பனையேறி விடியுமுன் மரமேறிப் பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கிய பதனீரைக் கொண்டுவந்து சேர்த்தபின், மிச்ச நாள் முழுவதும் அது பெண்ணின் பொறுப்பு. விடிலி எனப்படும் ஓலைக்குடிசையில் அடுப்பு மூட்டி, பனைமட்டையும் சருகும் எரித்து, பதனீரைக் காய்ச்சிக் கிண்டி, பாகின் பதம் பார்த்து இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றினால் அது கருப்பட்டியாக உறையும். பதம் சற்றுத் தவறினாலும் கருப்பட்டி இளகிப்போகும். ஆகவே சரக்கின் தரம் முழுவதும் அவள் கணிப்பைப் பொறுத்தது. இருந்தும் விலை பேசும் உரிமை அவளிடம் இல்லை. பருவத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்த வியாபாரி, பருவம் முடியும்போது தன் விலைக்கே கருப்பட்டியை எடுத்துக்கொண்டான். மாசி பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடியும் பருவம் கழிந்தால், எஞ்சிய மாதங்களில் பெட்டி முடைவதும் நார் கிழிப்பதும் கூலிவேலைக்குப் போவதுமே வழி. பொருளைச் செய்யும் திறமை ஒரு கையிலும் விலை மற்றொரு கையிலும் இருந்த இந்நிலை பனைத்தொழிலோடு நிற்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு தொழிலிலும் ஏதோ ஒரு வடிவில் அது திரும்ப வந்தது.

இப்பகுதியில் தன் பொருளைக் கொண்டு ஒரு பொதுநிறுவனத்தை எழுப்பிய பெண்களுள் காலத்தால் முந்தியவர்களில் ஒருவர் பாளையங்கோட்டையின் குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த பிராமணக் கைம்பெண்ணான அவர் 1778இல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று, 1785இல் அங்கே ஒரு தேவாலயம் எழக் காரணமானார். ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். ஆனால் அது கொடையே தவிரத் தொழிலன்று. கொடுப்பவரின் கை வற்றினால் கொடை நின்றுவிடும் என்பதால், நிறுவனத்தைத் தாங்கும் வருவாயை அந்நிறுவனத்துக்குள்ளேயே ஈட்டுவது எப்படி என்ற கேள்வி அடுத்த தலைமுறையில் எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

ரேந்தை என்பது துணியின் விளிம்பில் வைத்துத் தைக்கும் மெல்லிய பின்னல் வேலை. இன்று லேஸ் என்று வழங்குவதும் இதுவே. போர்த்துக்கீசியர் நடமாடிய கடற்கரைகளில் வேரூன்றிய இச்சொல் இலங்கைத் தமிழில் இன்றும் வாழ்கிறது. இங்கே பேசப்படுவது ஊசியாலோ கொக்கியாலோ பின்னும் வகையன்று. திண்டு ரேந்தை என்று சொல்லத்தக்கது. கெட்டியாக அடைத்த ஒரு திண்டின்மேல், வடிவத்துக்கு ஏற்பத் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இரண்டிரண்டாகக் கையில் எடுத்துக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் வர, ஊசிகளைச் சுற்றி வலைபோலப் பின்னல் வளரும். அகலமான ரேந்தைக்குப் பல பத்துக் குச்சிகள் வேண்டும். எந்தக் குச்சி எந்தக் குச்சியின்மேல் போக வேண்டும் என்பதை விரல்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். தறி வேண்டியதில்லை, பெரிய முதலீடும் வேண்டியதில்லை. நூல், கண்பார்வை, சுத்தமான கை, நீண்ட பொறுமை ஆகியவை போதும். ஒரு நாள் முழுதும் குனிந்து உழைத்தாலும் வளர்வது சில அங்குலம் மட்டுமே.

இத்தொழில் கடல் கடந்த காலத்தில் அதன் தாயகமே நெருக்கடியில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜான் ஹீத்கோட் என்பவர் 1809இல் காப்புரிமை பெற்ற எந்திரம், இங்கிலாந்தில் கையால் வலைப்பின்னல் செய்த ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பைக் குலைத்தது. 1816இல் எந்திர எதிர்ப்பாளர்கள் அவருடைய ஆலையைத் தாக்க, அவர் தொழிலை டெவன் மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். எந்திரச் சரக்கு மலிந்ததால் கைரேந்தை செல்வர்களின் ஆடம்பரப் பொருளாக மாறியது; 1840இல் விக்டோரியா அரசி தம் திருமண உடைக்குக் கைரேந்தையை விரும்பிக் கேட்டதன் பின்னணியும் அதுதான். ஆக, தெற்கத்திப் பெண்கள் கற்றுக்கொண்டது வளர்ந்துவந்த ஒரு தொழிலையன்று. கூலி மிகக் குறைவான இடத்தில் மட்டுமே இனிப் பிழைக்கக்கூடிய ஒரு தொழிலையே. நன்மை செய்ய வந்தவர்கள் இதை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்தின் பணி 1818 முதல் சார்லஸ் மீடின் பொறுப்பில் வலுப்பெற்றது. 1819இல் சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் வந்து சேர்ந்தார். மீடின் மனைவி ஜொஹன்னாவும் மார்த்தாவும் பெண்பிள்ளைகளுக்கு நடத்திய விடுதிப் பள்ளியே, இன்று டத்தி பெண்கள் பள்ளியாக நிலைத்திருக்கும் நிறுவனத்தின் மூலம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமே இல்லாத ஊர்களில், பிள்ளைக்குச் சோறும் துணியும் தந்து தங்கவைத்தால்தான் பள்ளி நடக்கும். அதற்குப் பணம் வேண்டும். மார்த்தா 1820களில் விடுதியில் திண்டு ரேந்தையைக் கற்பித்து, ஐரோப்பியப் பெண்களிடம் அதை விற்று, வந்த பணத்தைப் பள்ளிச் செலவுக்குத் திருப்பினார். ஒரு தொழிலின் ஆதாயம் முழுவதையும் ஒரு சமூக நோக்கத்துக்குக் கட்டுப்படுத்துவதை இன்று சமூகத் தொழில்முனைவு என்கிறார்கள். அப்பெயர் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஏற்பாடு நாகர்கோவிலில் நடைமுறையில் இருந்தது.

அதைவிட முக்கியமான செய்தி, அந்தப் பணம் வேறொன்றையும் வாங்கியது என்பதுதான். தென் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படியே நிலவியது. உழவுத்தொழிலில் கட்டுண்ட சாதியாரின் ஆணும் பெண்ணும் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டனர். அரசாணை அதை முற்றாக ஒழித்தது 1855இல்தான். அதற்கு முன்பே விடுதிப் பள்ளியில் சேர்ந்த அடிமைச் சிறுமிகளின் மீட்புவிலை, ஒருபுறம் இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையாலும் மறுபுறம் அவர்களே செய்த ரேந்தையின் ஊதியத்தாலும் செலுத்தப்பட்டதை மிஷன் பதிவுகள் கூறுகின்றன. தன் விரல்வேலையால் தன்னையே விலைகொடுத்து வாங்கிக்கொள்வது என்பது கேட்கும்போது வியப்பைத் தந்தாலும், ஒரு பெண் தன் உடலுக்கான விலையைத் தானே கட்ட வேண்டியிருந்த கொடுமையை அந்த வியப்பு மறைத்துவிடக் கூடாது.

அதே காலத்தில் அதே ஊர்களில் மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டமும் இத்தொழிலிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. கிறிஸ்தவப் பெண்கள் அணிவதற்கென்று மீட், மால்ட் குடும்பப் பெண்கள் ஒரு தளர்ந்த மேற்சட்டையை வடிவமைத்தனர். குப்பாயம் எனப்பட்ட அச்சட்டையைத் தைக்கவும் விடுதிப் பள்ளிகளே கற்றுக்கொடுத்தன. 1820களிலும் 1858-59இலும் சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது, வீடுகளும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1859 சூலை 26இல் வந்த திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணிவதை அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்போதும் தொடர்ந்தது. மேலாடையே மறுக்கப்பட்ட பெண்கள், கடல் கடந்த ஊர்களின் சீமாட்டிகள் உடுத்தும் ஆடைக்கு விளிம்பு பின்னிக்கொண்டிருந்தனர் என்பதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

நாகர்கோவிலில் 1822இல் பிறந்த மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் மிஷனரி இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, தேரிக்காட்டின் தென்விளிம்பிலுள்ள இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல் 1856இல் வெளிவந்தது, 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் வந்தது. கொற்கையில் அவர் தோண்டிப் பார்த்து எழுதிய குறிப்புகள் இக்கடற்கரையின் தொல்லியலுக்குத் தொடக்கம். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அந்த வீட்டில் பேச்சுத்தமிழைப் பிறப்பிலிருந்தே அறிந்திருந்தவர் எலைசாதான். தமிழ்ப் பெண்களோடு அவர்கள் மொழியிலேயே பழகக்கூடிய அந்த வசதி இல்லாமல் ஊர்ப்பெண்களைத் திண்டின் முன் உட்காரவைத்திருக்க முடியாது. தாய் நடத்திய முறையையே பின்பற்றி, அவர் பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கி, ரேந்தைத் தொழிலால் அதைத் தாங்கினார். இடையன்குடி ரேந்தை என்ற பெயர் இவ்வாறு பிறந்தது.

இத்தொழில் நடந்த விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. நூல் கடல் கடந்து வந்தது. வடிவ அட்டை ஐரோப்பிய மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது. வாங்குபவர்கள் அதிகாரிகளின் மனைவியரும் இங்கிலாந்திலிருந்த மிஷன் ஆதரவாளர்களுமாக இருந்தனர். நூலையும் அட்டையையும் வாங்கிப்போன பெண், பின்னி முடித்ததை அளந்து கொடுத்துக் கூலி பெற்றாள். பள்ளியில் கற்ற சிறுமி மணமான பின்னரும் திண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலையைத் தொடர முடிந்தது, மழை பொய்த்த ஆண்டிலும் பனைப்பருவம் முடிந்த மாதங்களிலும் அந்தக் கூலி அடுப்பை எரிய வைத்தது. வெயிலில் நிற்க வேண்டாத, பிறர் வயலில் குனிய வேண்டாத, எழுத்தறிவோடு சேர்ந்து வந்த வேலை என்பதால் ரேந்தைக்காரிக்குத் தனி மதிப்பும் கிடைத்தது. ஆனால் இந்தச் சங்கிலியில் நூலின் விலையும் ரேந்தையின் விலையும் முடிவான இடங்கள் இரண்டும் அவளுக்கு எட்டாதவை. கருப்பட்டி வியாபாரியின் இடத்தில் மிஷன் பங்களா இருந்தது. வியாபாரி ஆதாயத்தைத் தன் பெட்டியில் வைத்தான், பங்களா அதைப் பள்ளிக்குக் கொடுத்தது. வேறுபாடு மிகப் பெரியதுதான், ஆயினும் இரண்டு இடங்களிலும் கணக்குப் புத்தகம் உழைத்தவளிடம் இல்லை.

பங்களாவின் உள்ளேயும் நிலைமை ஒருசீராக இல்லை. மிஷன் சங்கங்களின் பட்டியலில் கணவனே மிஷனரி. மனைவிக்குத் தனிச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. மார்த்தாவும் எலைசாவும் பல ஆண்டுகள் பள்ளியையும் தொழிலையும் ஒருங்கே நடத்தினர். கொள்முதல், பயிற்சி, தரக்கட்டுப்பாடு, விற்பனை, கணக்கு என இன்றைய நிறுவனத் தலைவர் ஒருவர் செய்யும் எல்லாவற்றையும் செய்தனர். ஆவணங்களில் அது மனைவியின் உதவி என்றே பதிவாயிற்று. 1899இல் எலைசா மறைந்தபோது இடையன்குடிப் பணியின் வயது அரை நூற்றாண்டுக்கு மேல்.

அந்த உதவியைப் பெற்ற சமூகம் அதை எவ்விதக் கேள்வியுமின்றி ஏற்றது என்றும் கொள்ளலாகாது. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களை, அதாவது நாடார்களை, பற்றி எழுதிய சிறுநூல், அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களையே இழிவாகச் சித்தரித்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு பல பத்தாண்டுகள் அடங்கவில்லை. நாசரேத்துக்கு அருகில் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம், 1857இல் ஐரோப்பியர் ஆளுகையை உதறித் தனிச்சபையே கண்டார். விடுதிப் பள்ளிகள் கற்பித்த ஒழுங்கும், சுத்தமும், வீட்டுக்குள் அமர்ந்து செய்யும் வேலையே பெண்ணுக்குத் தகுந்தது என்ற எண்ணமும், விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் குடும்ப இலட்சியத்தைத் தேரிக்காட்டில் நட்டவை. பனையோலைச் சுமையோடு சந்தைக்கு நடந்து, நேருக்கு நேர் பேரம் பேசிப் பழகிய பெண்ணுக்கு, திண்டின் முன் அமர்வது உயர்வா ஒடுக்கமா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வியன்று. அநேகமாக அது இரண்டுமாகவே இருந்திருக்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சம் இத்தகைய தொழில்களுக்குப் புதிய நியாயத்தைத் தந்தது. 1876இல் நாசரேத்துக்கு வந்து 1908இல் இறக்கும் வரை அங்கேயே இருந்த மர்காஷிஸ் ஐயர், பஞ்சத்தில் ஆதரவற்றுப்போன பிள்ளைகளுக்காக 1878இல் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அயர்லாந்தின் கன்னியர் மடங்கள் ரேந்தைப் பள்ளிகளைத் தொடங்கியதும் இதே தருக்கத்தில்தான்: பசித்தவருக்குக் கஞ்சி ஒரு நாளைக்கு, கைத்தொழில் ஆயுளுக்கு. மேற்கே முளகுமூட்டில் 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மெஸ்டர் என்ற கன்னியர் அநாதைப் பிள்ளைகளிடையே பணி தொடங்கினார். அவருடைய சொந்த நாடே ரேந்தைக்குப் பேர்போனது என்பதால் அங்கும் அத்தொழில் ஊன்றியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டாலும், ஏழைப் பெண்ணின் கையில் ரேந்தைக் குச்சியைக் கொடுப்பதில் ஒன்றுபட்டனர்.

இத்தொழில்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் தனி வணிகரின் கைக்குப் போனால் என்ன நேரும் என்பதற்கு ஆந்திரத்தின் நரசாப்பூர் சான்று. கோதாவரிக் கழிமுகத்தில் மிஷனரிகள் பரப்பிய கொக்கிப் பின்னல் பெரும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அதை ஆராய்ந்த செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்குள் அமர்ந்து உலகச் சந்தைக்கு உழைத்த பெண்கள் தொழிலாளராகக்கூட எண்ணப்படாமல், ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதையும், அதனாலேயே அவர்களுடைய கூலி தாழ்ந்து கிடந்ததையும், தரகும் ஏற்றுமதியும் ஆண்கள் வசம் சென்றதையும் விரிவாகக் காட்டினார். நாகர்கோவில், இடையன்குடித் தொழில்கள் அந்த அளவுக்குப் பெருகவும் இல்லை, அந்த அளவுக்குச் சுரண்டலுக்கு உட்படவும் இல்லை. எந்திர ரேந்தையும், மாறிய உடைப்பாணியும், வாங்கிவந்த ஐரோப்பியர் நாடு திரும்பியதும் அவற்றைச் சுருக்கிவிட்டன; குமரி மாவட்டத்தின் மிஷன் தொழிற்கூடங்களில் துணிமேல் செய்யும் பூவேலை முன்னுக்கு வந்தது.

விடுதலைக்குப் பின் பெண்தொழில் பற்றிய சிந்தனை திசைமாறியது. 1952இல் அமைந்த அனைத்திந்தியக் கைவினை வாரியத்துக்குத் தலைமையேற்ற கமலாதேவி சட்டோபாத்யாய, கைவினைஞர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கங்களை வலியுறுத்தினார். கூட்டுறவின் அடிப்படை எளிது: பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு, ஆதாயம் உறுப்பினருக்கே, கணக்கைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும். தமிழ்நாட்டில் மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் என்ற பெயரில் தையல் முதல் பெட்டி முடைதல் வரை பல தொழில்கள் இந்த அமைப்புக்குள் வந்தன.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூருக்கு மேற்கே உள்ள பத்தமடையின் கோரைப்பாய் இந்த மாற்றத்துக்குள் வந்த பழந்தொழில். ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, இழையிழையாகக் கிழித்துச் சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஊட்டி நெய்யும் இந்தப் பாயின் மெல்லிய வகை, துணிபோல மடிக்கத்தக்கது. மணமக்கள் பெயரைப் பின்னி நெய்யும் கல்யாணப்பாய் இவ்வூரின் அடையாளம். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் அனுப்பப்பட்டதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வர். நெசவில் பெரும்பங்கு முஸ்லிம் குடும்பத்துப் பெண்களுடையது. ரேந்தையைப் போல வெளிநாட்டு நூலையோ வெளியார் வடிவத்தையோ நம்பாமல், கோரையும் திறமையும் வாங்குபவரும் உள்ளூரிலேயே இருந்ததால்தான் இத்தொழில் நீடித்தது என்று சொல்வது பொருந்தும்.

கடற்கரையில் மணப்பாடு இதே கதையின் மற்றொரு வடிவம். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் உள்ள இந்தப் பரதவர் ஊரில், ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் பனையோலைப் பொருள்கள் செய்யும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நடத்திவந்தனர். வடலி எனப்படும் இளம்பனையின் குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமுள்ள நாடாக்களாகக் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் தோய்த்துப் பெட்டியாகவும் தட்டாகவும் தொப்பியாகவும் முடையும் வேலையில், முத்துக்குளித்தல் ஓய்ந்து மீன்பிடியும் ஏற்ற இறக்கம் கண்ட காலத்தில் குடும்பங்களுக்கு ஒரு நிலையான வருமானம் கிடைத்தது. 1961க்குப் பின் இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவேயில்லை. முத்தின் பெயரால் உலகறிந்த கடற்கரையில் ஓலையும் கருப்பட்டியும் அதற்குப் பின்னும் விலைபோயின.

கூட்டுறவுச் சங்கங்களுள் பல, அரசு அதிகாரியின் கட்டுப்பாட்டிலும் உள்ளூர் அரசியலிலும் சிக்கி நலிந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த அலை சிறிய அமைப்பாக வந்தது. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பெற்று, 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் உருவாகி, மகளிர் திட்டம் என்ற பெயரில் பிற மாவட்டங்களுக்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை ஒரு குழு. ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். வாரந்தோறும் கூட்டம், சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், ஆறுமாதம் ஒழுங்காக நடத்திக்காட்டினால் வங்கிக் கடன். சேமிப்புத் தொகை சிறிது. ஆனால் தீர்மானப் புத்தகமும் பேரேடும் வங்கிப் புத்தகமும் குழுப் பெண்களின் கையில் இருந்தன. பிடியரிசி எடுத்துவைத்த கைக்கு முதன்முறையாகக் கணக்கெழுதும் பேனா கிடைத்தது அப்போதுதான். கடன்சுமை, ஒரே பெண் பல குழுக்களில் கடன் வாங்குதல், பெண்ணின் பெயரில் வாங்கிய கடனை வீட்டு ஆண்கள் செலவழித்தல் முதலிய குறைகள் பின்னால் வந்தன. அவை தனி ஆராய்ச்சிக்கு உரியவை.

பத்தமடைப் பாய்க்கு 2013இலும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் பெயரை அது பிறந்த ஊருக்கு வெளியே செய்யும் சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் அளிக்கும் பாதுகாப்பே புவிசார் குறியீடு. பெயரைக் காக்கும் அந்தச் சட்டம் பதம் பார்த்தவளின் பங்கைக் காக்காது. குறியீட்டால் உயரும் விலையில் எவ்வளவு விடிலிக்குப் போகிறது என்பதை விற்பனையை யார் நடத்துகிறார் என்பதே முடிவுசெய்யும். மார்த்தாவின் காலம் முதல் இன்றுவரை இப்பகுதிப் பெண்தொழில்களை அளப்பதற்கு ஆதாயம் எந்த நற்காரியத்துக்குப் போனது என்ற கேள்வி மட்டும் போதாது. விலை வைத்தவர் யார், கணக்கு வைத்தவர் யார் என்ற கேள்விகளும் வேண்டும். அவ்வாறு அளந்தால், அடிமைப்பெண்ணை மீட்ட நாகர்கோவில் ரேந்தையைவிட, வாரச் சேமிப்பைத் தாமே எழுதிவைத்த சாதாரணக் குழு ஒன்று ஒரு வகையில் முன்னேறியது என்றே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கும்.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கான மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன. இலண்டன் மிஷன் சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டனில் உள்ளன, இடையன்குடிப் பணியை நடத்திய வேறொரு மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில் உள்ளன. சபைப் பதிவேடுகளும், கூட்டுறவுச் சங்கங்களின் வரவுசெலவுப் புத்தகங்களும், குழுக்களின் பழைய தீர்மானப் புத்தகங்களும் உள்ளூர் அலமாரிகளில் செல்லுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெயரோடு குறிக்கப்பட்ட பெண்களின் பட்டியலையாவது திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரி வரலாற்றுத் துறைகள் தமிழில் தொகுத்து வெளியிட வேண்டும்; திண்டும் குச்சியும் கொண்டு ரேந்தை பின்னத் தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.